நான் எழுதாமல் விட்ட வரி

போன மாதம் திருநெல்வேலியில் மனநல ஆலோசகர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மரியாதைக்கா, காது கேட்காது என்பதற்கா தெரியவில்லை. திரையில் ‘கதைவழிச் சிகிச்சை’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. மனிதர்கள் தங்களைப் பற்றித் தங்களுக்கே ஒரு கதை சொல்லிக்கொள்கிறார்கள், அந்தக் கதைக்குள்தான் வாழ்கிறார்கள், அதை நிதானமாகத் திரும்பச் சொல்ல வைத்தால் விட்டுப்போன பக்கங்கள் அகப்படும், மாற்றம் அங்கிருந்துதான் தொடங்கும் என்று ஒரு பெண் அழகாக விளக்கினாள். ஆள் வேறு, ஆளைப் பிடித்திருக்கும் கஷ்டம் வேறு என்றாள். இடைவேளையில் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு, “மேடம், உங்க காலத்துல இதெல்லாம் கிடையாதுல்லா?” என்று கேட்டார்கள்.

இருந்தது. பெயர்தான் இல்லை. நாங்கள் செய்த நல்லதை மட்டும் சொன்னால் எனக்குப் பெருமையாக இருக்கும். நான் செய்த கெடுதலையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது பிரயோசனம் என்று பட்டது. அதனால் எழுதுகிறேன்.

மதுரையில் இரண்டு வருடம் சமூகப்பணி படித்தேன். படித்ததில் பாதி, படிவங்களை இங்கிலீஷில் நிரப்புவது. எழுபதுகளின் நடுவில் குற்றாலத்திலிருந்து இலஞ்சி போகும் சாலையில் பதினாறு கட்டில்கள் கொண்ட ஒரு சிறிய மனநல இல்லத்தில் வேலை கிடைத்தது. வந்து சேரும் நோயாளிகளின் கதையைக் கேட்டு எழுதுவது என் வேலை.

இல்லத்தை நடத்தியவர் டாக்டர் மாசிலாமணி. ஒல்லியான மனிதர், அரைக்கைச் சட்டை, பையில் கூராகச் சீவிய பென்சில் எப்போதும் இருக்கும். நோயாளி உட்காராமல் அவர் உட்கார மாட்டார். சிலர் உட்காரவே மாட்டார்கள், அவரும் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே பேசுவார், எங்களுக்குத்தான் கால் வலிக்கும். சேர்ந்த புதிதில் ஒருவரைப் பற்றி ‘ஆக்ரோஷமாக இருந்தார்’ என்று எழுதிக்கொண்டு போனேன்.

“எத்தன பேர அடிச்சாரு?” என்று கேட்டார்.

“யாரையும் அடிக்கல சார். மொறச்சாரு.”

“அப்ப மொறச்சாருன்னு எழுதுங்க, பகவதி. மிச்சத்தையெல்லாம் அவரு தலையில ஏன் ஏத்துதிய?”

அவ்வளவுதான் திட்டு. அதன்பிறகு எதை எழுதினாலும் அந்தக் குரல் காதில் கேட்கும். எப்போதும் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு நோயாளிக்கும் மூன்று தாள்கள். முதல் தாளில் கூட்டிவந்தவர்கள் சொன்னது. இரண்டாம் தாள் டாக்டருடையது, பரிசோதனையும் மாத்திரையும். மூன்றாம் தாள் பள்ளிக்கூடக் கோடு போட்ட நோட்டில் கிழித்தது, அது நோயாளிக்கு உரியது. அவர் சொல்வதை அவர் சொன்ன மாதிரியே பென்சிலில் எழுத வேண்டும். மறுநாள் அதை அவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். அவர் அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும், சேர்க்கச் சொன்னால் சேர்க்க வேண்டும். படுத்துகிற கஷ்டத்துக்கு அவரே ஒரு பெயர் வைக்க வேண்டும். அப்புறம் டாக்டரின் கேள்வி ஒன்று உண்டு: “அது வராத நாளு எது?” வீட்டுக்குப் போகும் நேரத்தில் எல்லாவற்றையும் மையில் நகல் எடுத்து, முதலில் நோயாளிக்குத் தனியாக வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகு, அவர் யாரைக் கூப்பிடச் சொல்கிறாரோ அவர்கள் முன்னால் வாசிப்போம். வீட்டு ஆட்கள் அதுவரை முதல் தாளின் கதையை மட்டுமே அறிந்தவர்கள். மூன்றாம் தாளைக் கேட்கும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

திருவேங்கடத்துக் கரிசல்காட்டில் உழுது பிழைக்கும் சம்சாரி ஒருவர் வந்தார். திடீரென்று நெஞ்சு படபடக்கும், இன்றைக்குச் செத்துவிடுவோம் என்று வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவருவார். ‘பயந்தாங்கொள்ளி’ என்று முதல் தாளில் அவர் அண்ணனே சொல்லியிருந்தார். மூன்றாம் தாளில் அவர் அந்தப் படபடப்புக்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்று பெயர் வைத்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து மிரட்டிவிட்டுப் போகிறதாம். இன்ஸ்பெக்டர் வராத நாள் எது என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்து, மாட்டோடு பேசிக்கொண்டே உழும்போது வந்ததில்லை என்றார். அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. ஒரு மாதம் கழித்து, “இப்பமும் வருதாரும்மா. இரும்வே, இந்த உழவுச் சாலை முடிச்சிட்டு வாரேன்னுட்டு நான் என் சோலியப் பாக்கேன்” என்றார். பயந்தாங்கொள்ளியாக வந்தவர் இன்ஸ்பெக்டரைக் காக்க வைக்கிறவராகப் போனார். பாதி மாத்திரை, பாதி பேச்சு, எது எந்தப் பாதி என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள் என்பார் டாக்டர்.

இனி கோமதி.

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு யார் யாரோ சந்தோஷமாகக் குளிக்க வருவார்கள். சித்தம் கலங்கியவர்களையும் கூட்டிவருவார்கள். ஒரு மண்டலம் தினமும் காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்து அருவிக்கடியில் நிறுத்தினால் தெளிந்துவிடும் என்று நம்பிக்கை. ஓடிவிடாமலிருக்க இடுப்பில் கயிறு கட்டியிருப்பார்கள். பெண்கள் குளிக்கும் பக்கம் ஆண்கள் போகக் கூடாது. ஆகவே பெண் நோயாளி என்றால் கயிறு நீளம். உள்ளே ஒரு கூலிக்காரி தலையைப் பிடித்து நிறுத்துவாள், வெளியே புருஷனோ அண்ணனோ கயிற்று முனையைச் சுற்றிப் பிடித்திருப்பான். டாக்டர் அருவியோடு சண்டைக்குப் போனதில்லை. காலையில் என்னை அங்கே அனுப்புவார். “கயித்தப் பிடிச்சிருக்கிற ஆளுகிட்ட பேசுங்க. அவனும் தூங்கி நாளாயிருக்கும்.”

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஆடி மாதக் காலை அது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அலறல். குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் யாரும் கத்தத்தான் செய்வார்கள், இது அப்படி இல்லை. கயிற்று முனையில் நின்ற இளைஞன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். சுடலைமுத்து, அச்சன்புதூர், நெல் விவசாயம். உள்ளே இருப்பது அவன் மனைவி கோமதி. இரண்டாவது வருடமாக இந்தக் குளிப்பாட்டு.

“ஏன் அப்படிக் கத்துதாங்க?”

“அவளுக்குள்ள இருக்கிற பேயிதான் கத்துதுங்காவ. கத்தக் கத்தப் போயிருமாம்.”

மிச்சத்தையும் அவனே சொன்னான். ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு முந்தின ஐப்பசியில், பிசானப் பருவத்து நெல் நடவன்று, இரண்டரை வயது மகன் வயலை ஒட்டிய கால்வாயில் விழுந்து செத்துப்போனான். அன்றிலிருந்து அவள் பேச்சு நின்றுவிட்டது. கால்வாய்க் கரையில் போய் நின்றுகொள்கிறாள். ஏழு வயது மகள் வேலம்மாளை அவளிடமிருந்து பிரித்துச் செங்கோட்டையில் அத்தைக்காரி வீட்டில் விட்டிருக்கிறார்கள்.

தண்ணீரில் பிள்ளையைப் பறிகொடுத்தவளைத் தினமும் தண்ணீருக்கடியில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஆளை அறைய வேண்டும் போல இருந்தது எனக்கு. ஆனால் அவன் கையைப் பார்த்தேன். கயிறு அறுத்து உள்ளங்கை புண்ணாகியிருந்தது. அன்று மத்தியானமே அவளை எங்கள் இல்லத்துக்குக் கூட்டிவந்துவிட்டான்.

முதல் தாளில் சொன்னது மாமியார் இசக்கியம்மாள். நிமிர்ந்து உட்கார்ந்து, தயங்காமல் சொன்னார். “பிள்ளையக் கரையில விட்டுட்டு நடவுல எறங்கிட்டா. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. பெத்தவ பாக்க வேண்டாமா, தாயி?” ஊரில் ‘பிள்ளையத் தின்னவ’ என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் தெளிந்தால்தான் வேலம்மாளை அனுப்புவோம் என்று செங்கோட்டையில் சொல்லிவிட்டார்களாம்.

மூன்றாம் தாளில் பத்து நாள் ஒன்றுமில்லை. பதினோராம் நாள் கோமதி ஒரு வாக்கியம் சொன்னாள். “நாந்தான் கொன்னேன்.”

நான் எழுதவில்லை. டாக்டரிடம் ஓடினேன். “அவ சொன்னத எழுதாம இருக்க நீங்க யாரு? எழுதி, நாளைக்கு வாசிங்க” என்றார்.

வாசித்தேன். அழி என்று சொல்வாள் என நினைத்தேன், சொல்லவில்லை. நாலைந்து நாள் தினமும் அந்த ஒற்றை வரியை அவளிடம் வாசித்தேன். அது என் வேலையிலேயே கஷ்டமான வாரம். ஆறாம் நாள், “துண்டு விரிச்சு உக்கார வச்சேன்” என்றாள். மறுநாள், “காய்ச்ச அடிச்சுது அவனுக்கு. நான் வரலன்னேன். தண்ணி மொறை இன்னைக்கு நமக்கு, நடவுக்கு ஆளு காணாதுன்னாவ.” இப்படி ஒரு நாளைக்கு ஒரு வரி, சில நாள் அதுவுமில்லை. முதல் வரிக்கு முன்னால் ஒரு காலைப்பொழுது மெல்ல நிரம்பியது. காய்ச்சலுக்குக் கஷாயம் போட்டது, தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தது, நடவுக்காரிகளின் குலவை.

ஒரு மாதம் ஆனபோது சொன்னாள். “எங்க அத்தகிட்ட குடுத்துட்டுத்தான் எறங்குனேன். பாத்துக்கிடுதேன்னாவ. அசந்துட்டாவ.” அத்தை என்றது மாமியாரை; பிள்ளையை வைத்துக்கொண்டே தூங்கிப்போயிருக்கிறார்.

இரண்டு வருடமாக இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். பதிலாக இன்னொரு வரி சொன்னாள். “மூணு மணிக்கே எந்திரிச்சு நடவுக்காரிய எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சிச் சொமந்துட்டு வந்தது எங்க அத்ததான். அசராம எப்படி இருப்பாவ?” அதையும் பென்சிலில் எழுதிக்கொண்டேன்.

தன் கஷ்டத்துக்கு அவள் ‘கரை’ என்று பெயர் வைத்தாள். கரை அவளைக் கூப்பிடும். கரை கூப்பிடாத நாள் எது என்றேன். வேலம்மாளுக்குத் தலை பின்னிய நாட்கள் என்றாள். பின்னலை எப்படி எடுப்பாள், ரிப்பனை எங்கே முடிவாள் என்று அவளே சொன்னாள். இரண்டு வருடத்தில் ‘நான் கொன்றேன்’ என்பதைத் தவிர அவளுக்குத் தன்னைப் பற்றி வேறு எதுவும் தெரியாமல் போயிருந்தது. தலை பின்னத் தெரியும் என்பது திரும்பக் கிடைத்தது. ஆவணிக் கடைசியில், தானே முதல் வரியை அழிக்கச் சொன்னாள். ரப்பரை நான்தான் கையில் கொடுத்தேன், அவளே அழித்தாள். அன்று நான் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன்.

வாசிக்கும் நாள் குறித்தோம். யார் வர வேண்டும் என்று கேட்டேன். புருஷன், மாமியார் என்றாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அந்த அம்மாள் காதில் இது விழட்டும் என்று நினைத்தேன். கோமதி ஏன் மாமியாரைக் கூப்பிடச் சொன்னாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாரம் டாக்டர் சொந்த வேலையாகச் சென்னை போயிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் மையில் நகல் எடுத்தேன். கஞ்சி பற்றிய வரி வந்தபோது பேனா நின்றது. அவள் பக்க நியாயம் இவ்வளவு துலக்கமாக வந்திருக்கிறதே, இந்த வரி அதைக் குலைக்குமே என்று தோன்றியது. இன்னும் மாமியாரைக் காபந்து பண்ணுகிறாளே என்று எரிச்சலும் வந்தது. விட்டுவிட்டேன். மறந்து விட்டதில்லை, தெரிந்தே விட்டேன்.

மறுநாள் அவர்கள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். நகலை அவளுக்குத் தனியாக வாசித்துக் காட்டவில்லை. பிறகு வாசித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நான்கு பேர் உட்கார்ந்தோம். நல்ல உச்சரிப்போடு, நிறுத்தி நிதானமாக வாசித்தேன். ‘அசந்துட்டாவ’ என்ற இடம் வந்தது. அடுத்த வரிக்குப் போனேன். கோமதி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் தொடர்ந்து வாசித்தேன்.

வாசித்து முடித்ததும் சுடலைமுத்து கோமதியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். இசக்கியம்மாள் அழவில்லை, மறுக்கவுமில்லை. கொடுத்த காபியைத் தொடவில்லை. எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். அடுத்த வாரமே வேலம்மாள் தாயிடம் வந்து சேர்ந்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

டாக்டர் திரும்பி வந்ததும் இரண்டையும் கேட்டார், பென்சில் தாள்களையும் நகலையும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் வரி வரியாகப் பார்த்துக்கொண்டு போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

“இது எங்க?”

கஞ்சி பற்றிய வரி அது.

“அவ மாமியார எதுக்குக் கூப்பிடச் சொன்னான்னு நெனைக்கிய? இந்த வரிய அவிய கேக்கணும்னுதான் கூப்பிட்டிருக்கா. நீங்க அந்த அம்மாவக் கூண்டுல ஏத்திட்டிய.” குரலை உயர்த்தவில்லை. “அச்சன்புதூர் போங்க. போய் வாசிச்சிட்டு வாங்க.”

போகிறேன் என்றேன். போகவில்லை. முதலில் நடவு நேரம், ஆட்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்புறம் மழை. அப்புறம் பொங்கல். தென்காசியில் எத்தனையோ தடவை அச்சன்புதூர் பஸ்ஸைப் பார்த்திருக்கிறேன், ஏறவில்லை. தப்பை ஒப்புக்கொள்ள வெட்கம், வேறொன்றுமில்லை. டாக்டர் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார், மூன்றாம் தடவை கேட்கவில்லை. அது திட்டை விட மோசமாக இருந்தது.

அடுத்த ஆனிச் சாரலில், ஒரு காலை அருவிக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தேன். எதிரே இரண்டு பெண்கள் சாலையைக் கடந்து வந்தார்கள். ஒருத்தியின் இடுப்பில் கயிறு, தலை நிறைய எண்ணெய். இன்னொருத்தி கயிற்று முனையைப் பிடித்திருந்தாள். பிடித்திருந்தது கோமதி. கயிற்றில் இருந்தது இசக்கியம்மாள். பாதியாக உருகியிருந்தார். சேலை நனையவில்லை.

“மண்டலம் இருக்கணும்னு ஊருல எல்லாரும் சொல்லிட்டாவ. அவரு கயித்தத் தொட மாட்டேன்னுட்டாரு. நான் பிடிக்கேன்னு கூட்டியாந்தேன்” என்றாள் கோமதி. “தண்ணிகிட்ட கொண்டு போவ எனக்கு மனசு வரல. இங்கன கூட்டியாந்துட்டேன்.”

“என்ன ஆச்சு?”

“நீங்க வாசிச்ச அன்னையில இருந்து சாப்பாடு எறங்கல. வேலம்மாள மடியில விட்டா எந்திரிச்சுப் போயிருதாவ. இப்பம் கரைக்குப் போறது அவிய.”

கயிற்றை அவிழ்த்தேன். உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். டாக்டர் வந்தார், அந்த அம்மாள் உட்காரும்வரை நின்றிருந்துவிட்டு உட்கார்ந்தார். புதிய நோட்டைப் பிரித்தேன். இசக்கியம்மாள் பத்து நாள் எல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை. உடனே சொன்னார்.

“நாந்தான் கொன்னேன்.”

அந்த வரியை நான் இரண்டாவது தடவையாக எழுதினேன். இந்தத் தடவை அதைச் சொல்ல வைத்தவள் நான். கோமதி என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலாம்.

“கஞ்சி காய்ச்சுனதச் சொன்னேம்லாம்மா. நீங்க வாசிக்கல. படிச்சவிய, ஏதோ காரணம் இருக்கும்னு சும்மா இருந்துட்டேன். நானா வீட்டுல போயிச் சொன்னா, பாவம் பாத்துச் சொல்லுதான்னு நம்ப மாட்டேங்காவ. எழுத்துல இருந்தாத்தான் நம்புவாவ.”

அலமாரியைத் திறந்து அவளுடைய பழைய பென்சில் தாள்களை எடுத்தேன். கோமதியிடம் கேட்டுக்கொண்டு, அந்த வரியை அவள் மாமியாருக்கு வாசித்தேன். மூணு மணிக்கே எந்திரிச்சு. நடவுக்காரிய எல்லாருக்கும். அசராம எப்படி இருப்பாவ.

இசக்கியம்மாள் இன்னொருக்கா வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தாளைக் கையில் வாங்கி, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த வரியின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். தேதி என்ன என்று கேட்டார். போன ஆவணியில் எழுதியது என்றேன். தாளை என்னிடம் திருப்பி நீட்டினார்.

“இத அன்னைக்கே வாசிச்சிருக்கக் கூடாதா, தாயி?”

டாக்டர் மாத்திரை கொடுத்தார். சாப்பாடு இறங்கியது. ஒன்றரை மாதம் இருந்தார், தினமும் அவர் சொன்ன அந்த ஒற்றை வரியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அழிக்கச் சொல்லவில்லை, இரண்டாவது வரியும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் மூன்று வருடம் இருந்தார். வேலம்மாளை மடியில் வைத்துக்கொண்டார், கோமதியோடு பேசினார் என்று கேள்விப்பட்டேன். கண்ணை மூடும்வரை பகலில் தூங்கவே இல்லையாம்.

அதன்பிறகு பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். ஒரு வரியையும் விட்டதில்லை. வகுப்பெடுத்த பெண்ணிடம் அன்று இதைத்தான் சொல்ல நினைத்தேன். இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டார்கள்.